“லாம்” என்றால் 31 நாள், “வேண்டும்” என்றால் ஐந்து ஆண்டு

சில வாரங்களுக்கு முன் கல்லூரி மாணவர்களோடு ஒரு வாசிப்பு வட்டத்தில் உட்கார்ந்திருந்தேன். அரசமைப்புச் சட்டத்தின் மூன்றாம் பகுதியை வரிவரியாகப் படித்துக்கொண்டிருந்தோம். 17ஆவது பிரிவு வந்ததும் முதலாமாண்டு மாணவி ஒருவர் கேட்டார்: “அண்ணா, தீண்டாமை 1950லேயே ஒழிக்கப்பட்டுவிட்டது என்று இதில் இருக்கிறது. அப்புறம் எதற்கு 1955இல் தனியாக ஒரு சட்டம்?”

எளிய கேள்விதான். ஆனால் அதற்குப் பதில் சொல்லப் போனால் இந்தக் குடியரசின் முதல் ஐந்தாண்டுகளைத் திறந்து பார்க்க வேண்டியிருக்கிறது. அன்று நேரம் போதவில்லை. அந்தப் பதிலை இங்கே முழுதாக எழுதுகிறேன்.

17ஆவது பிரிவு தனியாக நிற்கவில்லை

17ஆவது பிரிவு இரண்டு வாக்கியங்கள். தீண்டாமை ஒழிக்கப்படுகிறது, எந்த வடிவத்திலும் அதைக் கடைப்பிடிப்பது தடை செய்யப்படுகிறது என்பது முதலாவது. தீண்டாமையின் பேரில் எந்தத் தடையைத் திணித்தாலும் அது சட்டப்படி தண்டிக்கத்தக்க குற்றம் என்பது இரண்டாவது. அந்த “சட்டப்படி” என்ற சொல்லைக் கவனியுங்கள். எந்தச் சட்டப்படி? எத்தனை மாதம் சிறை? யார் வழக்குப் பதிவு செய்வது? எந்த நீதிமன்றம் விசாரிப்பது? எதுவும் 17இல் இல்லை.

அதற்கான விடை 35ஆவது பிரிவில் இருக்கிறது. நம் தோழர்கள் பலரும் படிக்காமல் தாண்டிப் போகும் பிரிவு அது. அது மூன்று விஷயங்களைச் சொல்கிறது. ஒன்று, மூன்றாம் பகுதியில் குற்றம் என்று அறிவிக்கப்பட்ட செயல்களுக்குத் தண்டனை வகுக்கும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு மட்டுமே உண்டு, மாநிலச் சட்டமன்றங்களுக்கு இல்லை. இரண்டு, அரசமைப்பு நடைமுறைக்கு வந்தபின் இயன்ற விரைவில் நாடாளுமன்றம் அந்தச் சட்டங்களை இயற்ற வேண்டும். மூன்று, அதுவரை ஏற்கெனவே இருக்கும் பழைய சட்டங்கள் தொடரும்.

அதிகாரத்தை ஏன் நாடாளுமன்றத்திடம் மட்டும் கொடுத்தார்கள்? அடிப்படை உரிமையும் அதை மீறியதற்கான தண்டனையும் நாடு முழுவதும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பதே நோக்கம். அண்ணல் அம்பேத்கர் அவையில் இதை விளக்கினார். நல்ல நோக்கம்தான். ஆனால் அதன் மறுபக்கத்தையும் பாருங்கள். நாடாளுமன்றம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால், தீண்டாமைக் குற்றத்துக்குப் புதிதாகத் தண்டனை வகுக்க வேறு எவராலும் முடியாது. சாவி ஒரே ஒருவரிடம் இருந்தது.

17ஆவது பிரிவு அரசியல் நிர்ணய சபையில் 1948 நவம்பர் 29 அன்று ஏற்கப்பட்டது. அன்று அவையில் காந்திக்கு வாழ்த்து முழக்கம் எழுந்தது. சென்னை மாகாணத்தைச் சேர்ந்த வி.ஐ. முனுசாமி பிள்ளையும், அந்த அவையின் ஒரே தலித் பெண் உறுப்பினரான தாட்சாயணி வேலாயுதனும் அன்று பேசினார்கள். “தீண்டாமை என்றால் என்ன என்று எங்குமே வரையறுக்கவில்லையே” என்று கே.டி. ஷா சுட்டிக்காட்டினார். வரையறை சேர்க்கப்படவில்லை. அதையெல்லாம் பின்னால் வரப்போகும் சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று விடப்பட்டது. அந்தச் சட்டம்தான் வரவேயில்லை.

ஒரே நாடாளுமன்றம், இரண்டு வேகம்

1950 ஜனவரி 26 அன்று அரசமைப்பு நடைமுறைக்கு வந்தது. அப்போது தேர்தல் நடந்திருக்கவில்லை. அரசமைப்பை எழுதிய அதே அவைதான் 1952 வரை தற்காலிக நாடாளுமன்றமாக இயங்கியது. ஆகவே “இயன்ற விரைவில் இயற்ற வேண்டும்” என்று எழுதியவர்களும், அதை இயற்ற வேண்டியவர்களும் ஒரே ஆட்கள். எழுதியதன் பொருள் புரியவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

“புதிய நாடு, ஆயிரம் வேலை, பிரிவினையின் காயம் ஆறவில்லை, உடனே எப்படிச் சட்டம் இயற்ற முடியும்?” என்று சிலர் கேட்பார்கள். அவர்களுக்கு ஒரு தேதியைக் காட்டுங்கள். 1950 பிப்ரவரி 25. அன்று உள்துறை அமைச்சர் வல்லபாய் படேல் தடுப்புக் காவல் சட்ட மசோதாவைக் கொண்டுவந்தார். அன்றே அது நிறைவேறியது. மறுநாள் பிப்ரவரி 26 அன்று சட்டமாகிவிட்டது. அரசமைப்பு பிறந்து 31 நாள்தான் ஆகியிருந்தது. சென்னையில் ஏற்கெனவே சிறையில் இருந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் மீது மார்ச் 1 அன்று அந்தச் சட்டத்தின் கீழ் உத்தரவு பாய்ந்தது. அவர் தொடுத்த வழக்குதான் இன்றும் சட்டக் கல்லூரிகளில் பாடமாக இருக்கும் கோபாலன் வழக்கு.

தடுப்புக் காவல் பற்றி அரசமைப்பு என்ன சொல்கிறது? 22ஆவது பிரிவு, நாடாளுமன்றம் அதற்குச் சட்டம் “இயற்றலாம்” என்கிறது. விருப்பம் இருந்தால் செய்யலாம், கட்டாயம் இல்லை. தீண்டாமைக்குத் தண்டனை பற்றி 35ஆவது பிரிவு “இயற்ற வேண்டும்” என்கிறது. கட்டாயம். “லாம்” என்று சொன்னது 31 நாளில் வந்தது. “வேண்டும்” என்று சொன்னது 1955 ஜூன் 1 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. ஐந்து ஆண்டு நான்கு மாதம்.

இடையில் 1951இல் அரசமைப்பின் முதல் திருத்தமே நிறைவேறிவிட்டது. அரசமைப்பைத் திருத்தவே ஒன்றரை ஆண்டுக்குள் நேரம் கிடைத்தது. அது கட்டளையிட்ட ஒரு சட்டத்துக்கு மட்டும் நேரம் கிடைக்கவில்லை. ஆட்களைச் சிறையில் வைக்க அரசுக்கு அவசரம் இருந்தது. சேரிக்குள் நடக்கும் கொடுமைக்காக ஒருவரைச் சிறையில் வைக்க அந்த அவசரம் இல்லை.

“அம்பேத்கர்தானே சட்ட அமைச்சர்?”

இந்தக் கேள்வி உங்களிடம் கட்டாயம் வரும். 1951 வரை அம்பேத்கர்தானே சட்ட அமைச்சர், அவரே ஏன் கொண்டுவரவில்லை என்பார்கள். இதற்கு நேராகப் பதில் சொல்ல வேண்டும்.

இந்த மசோதா உள்துறையின் பொறுப்பு. கடைசியில் 1954இல் அதை மக்களவையில் கொண்டுவந்தவரும் உள்துறை அமைச்சராக இருந்த கைலாஷ்நாத் கட்ஜுதான். எந்த மசோதா எப்போது அவைக்கு வர வேண்டும் என்பதை ஒரு சட்ட அமைச்சர் தனியாக முடிவு செய்வதில்லை, அமைச்சரவையும் ஆளும் கட்சியும் முடிவு செய்கின்றன. அவர் பொறுப்பேற்று நடத்திய இந்து சட்டத் தொகுப்பு மசோதாவுக்கே என்ன கதி ஆனது என்பது நமக்குத் தெரியும். 1951இல் அவர் பதவி விலகியபோது சொன்ன காரணங்களில், பட்டியல் சாதியினரையும் பிற்படுத்தப்பட்டோரையும் அரசு கண்டுகொள்ளாமல் விட்டதும் ஒன்று. அமைச்சரவைக்குள் இருந்துகொண்டே அவர் பார்த்த புறக்கணிப்பு அது.

மசோதா கடைசியாக வந்தபோது அவர் மாநிலங்களவை உறுப்பினர். 1954 செப்டம்பரில் அதன்மீது பேசினார். மகிழ்ந்து பாராட்டிவிட்டு உட்காரவில்லை. மசோதாவின் பெயரே சரியில்லை என்றார். சலவைத் தொழிலாளி துணி வெளுக்க மறுப்பது, மிட்டாய்க்கடைக்காரர் லட்டு விற்க மறுப்பது போன்ற சில்லறை விவகாரமாக இதைப் பெயர் காட்டுகிறது, இது குடியுரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம், அப்படியே பெயர் வையுங்கள் என்பது அவர் வாதம். உரிமையைக் கேட்கும் தலித் மீது ஊரே சேர்ந்து திணிக்கும் சமூகப் புறக்கணிப்புதான் பெரிய தடை என்பதையும் எடுத்துச் சொன்னார்.

அவர் சொன்னதைக் கேட்டார்களா? தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் என்ற பெயரிலேயே 1955இல் நிறைவேறியது. அதிகபட்சத் தண்டனை ஆறு மாதச் சிறை அல்லது 500 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும். நீதிமன்ற அனுமதியோடு சமரசம் செய்துகொள்ளவும் வழி இருந்தது. கூலிக்காரரும் பண்ணையாரும் சமரசம் செய்துகொள்வது என்றால் ஊரில் என்ன பொருள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சமரசத்துக்கான வழியை அடைக்கவும் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயரை மாற்றவும் 1976 ஆனது. அதற்கும் நம் மண்ணைச் சேர்ந்த ஒருவர் உழைக்க வேண்டியிருந்தது. முதல் மக்களவையிலேயே உறுப்பினராக இருந்த எல். இளையபெருமாள் தலைமையில் 1965இல் ஒரு குழு அமைக்கப்பட்டது. நாடெங்கும் சுற்றி, தீண்டாமை அப்படியே இருக்கிறது, சட்டம் பல்லில்லாமல் இருக்கிறது என்று 1969 ஜனவரியில் அறிக்கை தந்தது. அதற்கு ஒரு மாதம் முன்புதான், 1968 டிசம்பர் 25 இரவில், கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டிருந்தார்கள். அறிக்கை வந்து மூன்று ஆண்டு கழித்து 1972இல் திருத்த மசோதா வந்தது. அது நடைமுறைக்கு வந்தது 1976 நவம்பர் 19. அம்பேத்கர் பெயரை மாற்றச் சொல்லி 22 ஆண்டுகள் கழித்து. அவர் மறைந்து கிட்டத்தட்ட 20 ஆண்டுகள் ஆகியிருந்தன.

தாமதம் என்பது வெறும் தாமதம் இல்லை

“தாமதமானாலும் வந்ததல்லவா?” என்று கேட்பவர்கள் உண்டு. இங்கே 20ஆவது பிரிவையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஒரு செயல் நடந்த நேரத்தில் நடைமுறையில் இருந்த சட்டத்தின்படிதான் ஒருவரைத் தண்டிக்க முடியும் என்கிறது அது. மிக அவசியமான பாதுகாப்பு, நமக்கும் தேவையானது. ஆனால் அதன் விளைவைப் பாருங்கள். 1950க்கும் 1955க்கும் இடையில் கிணற்றில் நீர் எடுக்க விடாமல் விரட்டியவர், கோயில் வாசலில் மறித்தவர், தேநீர்க் கடையில் தனிக் குவளை வைத்தவர், இவர்களில் ஒருவரைக்கூட 1955ஆம் ஆண்டுச் சட்டத்தால் தொட முடியாது. என்றைக்குமே முடியாது.

பழைய மாகாணச் சட்டங்கள் இருந்தனவே என்பது உண்மை. சென்னை மாகாணத்தில் எம்.சி. ராஜாவின் முயற்சியால் வந்த 1938ஆம் ஆண்டின் சமூகத் தடைகள் நீக்கச் சட்டம் இருந்தது. கோயில் நுழைவுச் சட்டமும் இருந்தது. 35ஆவது பிரிவின்படி அவை தொடர்ந்தன. ஆனால் அவை இடத்துக்கு இடம் வேறுபட்டன. நாடு முழுவதும் ஒரே உரிமை, ஒரே தண்டனை என்று சொல்லித்தானே மாநிலங்களின் கையிலிருந்து அதிகாரத்தை எடுத்தார்கள்? எடுத்துவிட்டு ஐந்தாண்டு சும்மா இருந்தார்கள்.

கொத்தடிமை முறை: 25 ஆண்டு

35ஆவது பிரிவின் கட்டளை தீண்டாமைக்கு மட்டும் இல்லை. 23ஆவது பிரிவு மனிதர்களை விற்பதையும் வாங்குவதையும், வெட்டி வேலையையும், கட்டாய உழைப்பையும் தடை செய்கிறது. மீறினால் சட்டப்படி குற்றம் என்கிறது. இதற்கும் நாடாளுமன்றம் “இயன்ற விரைவில்” சட்டம் இயற்றியிருக்க வேண்டும்.

பாட்டன் வாங்கிய கடனுக்குப் பேரன் உழைக்கும் முறைக்கு எதிரான தனிச் சட்டம் எப்போது வந்தது? 1975 அக்டோபர் 24 அன்று அவசரச் சட்டமாக. 1976 பிப்ரவரியில்தான் அது நாடாளுமன்றச் சட்டமானது. கிட்டத்தட்ட 26 ஆண்டு. செங்கல் சூளையிலும் கல்குவாரியிலும் அரிசி ஆலையிலும் வயலிலும் கட்டுண்டு கிடந்தவர்களில் பெரும்பாலோர் தலித்துகளும் பழங்குடிகளும். அவர்களுக்கு “இயன்ற விரைவு” என்பது ஒரு தலைமுறை.

அந்த ஆண்டைக் கவனித்தீர்களா? 1975 அக்டோபர் நெருக்கடி நிலைக் காலம். பல அடிப்படை உரிமைகளுக்காக நீதிமன்றம் போகும் வழியே மூடப்பட்டிருந்த நேரம். அப்போதுதான் ஓர் அடிப்படை உரிமைக்குரிய சட்டம், இருபது அம்சத் திட்டத்தின் பகுதியாக, ஒரே நாளில் வந்தது. இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. அந்தச் சட்டத்தை எழுதுவது கடினமாக இருந்ததால் அது தாமதமாகவில்லை. ஆள்பவர்களுக்கு அரசியல் தேவை வந்த அன்றே வந்துவிட்டது. நம் மக்களின் தேவை 25 ஆண்டாக அங்கேயேதான் இருந்தது.

வேறு பெயரில் நுழைந்த சட்டம்

இன்னொரு வகைத் தவறலும் உண்டு. இது நுணுக்கமானது, சட்டம் படிக்கும் மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டியது.

கையால் மலம் அள்ளும் கொடுமைக்கு எதிரான முதல் மையச் சட்டம் 1993இல் வந்தது. தீண்டாமையின் அப்பட்டமான வடிவம் அது. ஆகவே 17ஐயும் 35ஐயும் பிடித்துக்கொண்டு நாடு முழுவதற்கும் நாடாளுமன்றம் நேரடியாகச் சட்டம் இயற்றியிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. அதைச் சுகாதாரப் பிரச்சினையாகப் பார்த்தார்கள். சுகாதாரம் மாநிலப் பட்டியலில் வருகிறது. எனவே சில மாநிலங்களின் தீர்மானத்தைப் பெற்று 252ஆவது பிரிவின் கீழ் இயற்றினார்கள். அதன் விளைவு, மற்ற மாநிலங்கள் தீர்மானம் போட்டு ஏற்றால்தான் சட்டம் அங்கே செல்லும். 1993இல் நிறைவேறியது, ஏற்ற மாநிலங்களில் நடைமுறைக்கு வந்ததே 1997இல்தான். நாடாளுமன்றக் கட்டடம் இருக்கும் டெல்லி அதை ஏற்க 2010 ஆனது.

சாதியக் குற்றத்தைக் கழிப்பறைப் பிரச்சினை என்று எழுதியதால் வந்த வினை இது. 2003இல் சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் உச்ச நீதிமன்றம் போனது. தொடர்ந்த போராட்டத்தின் விளைவாக 2013இல் நாடு முழுவதற்குமான புதிய சட்டம் வந்தது. கழிவுநீர்ப் பணியில் இறந்தவர்களின் குடும்பத்துக்குத் தர வேண்டிய 10 லட்சம் ரூபாய் இழப்பீட்டை 2014இல் நீதிமன்றம் உறுதி செய்தது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. மரணங்கள் நிற்கவில்லை.

சட்டம் வந்தபின் விதிகள் வராமல் போவதும் இதே நோய்தான். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1990 ஜனவரி 30 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் விதிகள் வந்தது 1995 மார்ச் 31. விசாரணை அதிகாரி யார், பாதிக்கப்பட்டவருக்கு நிவாரணம் எவ்வளவு என்பதெல்லாம் அந்த விதிகளில்தான் இருக்கின்றன. மறுபடியும் ஐந்தாண்டு.

கேள்வி கேட்க வழி உண்டா?

கட்டளையை மீறும் நாடாளுமன்றத்தை என்ன செய்வது? நம் அரசமைப்பில் இதற்கு நேரடி வழி இல்லை. “இயன்ற விரைவில்” என்றால் எத்தனை நாள் என்று சொல்லவில்லை. சொன்னபடி செய்யாவிட்டால் என்ன ஆகும் என்றும் சொல்லவில்லை. குறிப்பிட்ட சட்டத்தை இயற்று என்று நாடாளுமன்றத்துக்கு உத்தரவிட முடியாது என்பதே நம் நீதிமன்றங்களின் நிலைப்பாடு.

கென்யாவின் 2010ஆம் ஆண்டு அரசமைப்பு வேறு மாதிரி எழுதப்பட்டது. எந்தச் சட்டத்தை எத்தனை காலத்துக்குள் இயற்ற வேண்டும் என்று ஓர் அட்டவணையே இருக்கிறது. தவறினால் எந்தக் குடிமகனும் நீதிமன்றம் போகலாம். அதன் பிறகும் இயற்றாவிட்டால் நாடாளுமன்றத்தைக் கலைக்கும்படி தலைமை நீதிபதி குடியரசுத் தலைவருக்கு ஆலோசனை சொல்ல வேண்டும். தேர்ந்தெடுக்கப்படும் அவைகளில் எந்தப் பாலினமும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதிக்கான சட்டத்தை இயற்றவில்லை என்பதற்காக 2020 செப்டம்பரில் தலைமை நீதிபதி டேவிட் மராகா அந்த ஆலோசனையைச் சொல்லியும்விட்டார். நாடாளுமன்றம் கலைக்கப்படவில்லை. ஆக, காலக்கெடுவும் தண்டனையும் எழுதி வைத்த இடத்திலும் ஆள்பவர்கள் நழுவுகிறார்கள். ஆனால் அங்கே தவறு தவறென்று பதிவானது, நாள் எண்ணப்பட்டது. நம்மிடம் அந்தக் கணக்குகூட இல்லை. அந்தக் கணக்கை நாம்தான் வைக்க வேண்டும்.

நீங்கள் செய்யக்கூடியது

அந்த மாணவிக்கு நான் அன்று சொல்லாமல் விட்ட பதில் இதுதான். 17ஆவது பிரிவு வாக்குறுதி. 35ஆவது பிரிவு அதை நிறைவேற்றச் சொன்ன கட்டளை. 1955ஆம் ஆண்டுச் சட்டம், ஐந்தாண்டு மீறப்பட்ட பிறகு அரைமனதாகச் செய்த நிறைவேற்றம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். ஏட்டில் எழுதியவர்களுக்கே கறி சமைக்கும் பொறுப்பும் இருந்தது என்பதை நாம் மறக்கக் கூடாது.

அடுத்த முறை அரசமைப்பைப் படிக்க உட்காரும்போது இரண்டு வண்ணப் பேனாக்களை எடுத்துக்கொள்ளுங்கள். “லாம்” என்று முடியும் இடங்களை ஒரு வண்ணத்திலும், “வேண்டும்” என்று முடியும் இடங்களை இன்னொரு வண்ணத்திலும் கோடிடுங்கள். ஒவ்வொரு “வேண்டும்” பக்கத்திலும் மூன்று கேள்விகளை எழுதுங்கள்: சட்டம் வந்ததா? எந்தத் தேதியில் நடைமுறைக்கு வந்தது? விதிகள் எப்போது வந்தன? நிறைவேறிய தேதியை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். கல்வியை அடிப்படை உரிமையாக்கிய 86ஆவது திருத்தம் 2002இல் நிறைவேறியது, ஆனால் 2010 ஏப்ரல் 1 வரை அது நடைமுறைக்கே வரவில்லை. அந்த இடைவெளியில் பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகள் எந்தச் சேரியில் இருந்தார்கள் என்று உங்கள் ஊரிலேயே விசாரித்துப் பாருங்கள்.

பிறகு இன்றைய கேள்விக்கு வாருங்கள். சாதி மறுத்துத் திருமணம் செய்தவர்களைக் கொல்வதற்கு எதிராக 2012இலேயே சட்ட ஆணையம் ஒரு வரைவைத் தயாரித்துக் கொடுத்தது. 2018இல் உச்ச நீதிமன்றமும் தனிச் சட்டம் தேவை என்று சொன்னது. நாடாளுமன்றம் இயற்றவில்லை. அப்படி ஒரு சட்டத்தை அரசமைப்பு பெயர் சொல்லிக் கேட்கவில்லை என்று வாதிடுவார்கள். பெயர் சொல்லிக் கேட்ட சட்டத்துக்கு அவர்கள் எத்தனை ஆண்டு எடுத்தார்கள் என்று திருப்பிக் கேளுங்கள். தேதிகளோடு கேளுங்கள். அதற்காகத்தான் இந்தத் தேதிகள்.

ஜெய்பீம்.